தண்ணீருக்குப் பக்கத்தில்

கொட்பேத் துறைமுகக் கந்தோரில்
ஒரு கரும்பலகை என் பொறுப்பு.
நாளை விடிய நாலு பன்னிரண்டுக்குப் பெருக்கு,
பத்து இருபத்தைந்துக்கு வற்று.
எழுதிவிட்டுக் கையைத் துடைப்பேன்.
கடல் இதுவரை என்னைப் பொய்யாக்கவில்லை,
ஐந்து நிமிடம் முன்னே பின்னே.
எதிர்காலம் சொல்லுகிறவள்தான் நானும்.
ஒருத்தரும் எனக்குக் கோல் எடுப்பதில்லை.

பஸ் நிலையச் சுவர் முழுக்க அவருடைய முகம்.
காவிச் சால்வை, நெற்றியில் மூன்று விரல் நீறு.
'தொலைந்தது, பிரிந்தது, மறைந்தது,
இருந்த இடத்திலிருந்தே அறியலாம்.'
கீழே நம்பர். அதற்கும் கீழே
எறும்பு வாசிக்கிற எழுத்தில்
நிமிடம் நாற்பது ரூபாய், வரி வேறு.
எங்களூர் மான்களுக்குப் பசை பிடிக்கும்.
இரவில் வந்து எட்டின மட்டும் தின்றுவிடும்.
காலையில் முகம் இருக்கும், நம்பர் இராது.
புத்தியுள்ள பிராணி.

மெற்றில்டா மான்களுக்கு முந்திவிட்டாள்.
சவரிமுத்துவின் பழைய படகு அனுமதிப் புத்தகத்தில்
பின்னட்டையில் எழுதி வைத்திருந்தாள்.
படகு போய்ப் பதினொரு மாதம்.

நான் போனபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.
நல்ல குரல். பழுத்த, அவசரமில்லாத குரல்.
நிமிடம் நாற்பதென்றால் அவசரம் எதற்கு?
"கிழக்குத் திசை தெரிகிறது அம்மா.
தண்ணீர் தெரிகிறது.
அவர் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறார்."

திருகோணமலையில், ஐயா,
தண்ணீருக்குப் பக்கத்தில் இல்லாதவர் ஆர்?
கச்சேரி தண்ணீருக்குப் பக்கத்தில்,
மறியற்சாலை தண்ணீருக்குப் பக்கத்தில்,
கோணேசர் நேரே தண்ணீருக்கு மேலேயே.
நான் நிற்கிற இந்தக் குசினிக்கும்
கல்லெறி தூரத்தில் தண்ணீர்.

போனை வாங்கினேன்.
"என்ரை தம்பியையும் ஒருக்கால் பாருங்கோ.
பேர் குலவீரன்."
எனக்குத் தம்பி இல்லை.
அம்மா என்னோடு நிறுத்திக்கொண்டவ.

குரல் மூச்சை இழுத்தது. சோழிகள் உருளுகிற சத்தம்.
குலவீரன் உயிரோடு இருக்கிறான்.
வீட்டில் ஒரு வாக்குவாதம், காணி விசயமாக இருக்கலாம்.
இடது காலில் தழும்பு.
ஆடிக்குப் பிறகு செய்தி வரும்.
அவனும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான்.
தழும்பு எப்படி வந்தது என்று நான் கேட்க
லைன் அறுந்தது.
மூன்று மொழிகளில் ஒரு பெண் சொன்னாள்:
உங்கள் மீதி போதாது.
அன்றிரவு அந்தப் போனில் வந்த
ஒரே உண்மை.

வென்றவள் மாதிரித் திரும்பினேன்.
"பாத்தியே? பதினேழு நிமிசம். அறுநூற்றெண்பது ரூபாய்.
ஒரு கிலோ சூடை வாங்கலாம்."

மெற்றில்டா போனை நைற்றியில் துடைத்தாள்.
"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனி?
போன மாசம் மேற்கு எண்டவர்.
ஆனா இவற்றை பேரைக் கேட்டு
அவர் திருப்பிச் சொல்லுறார்.
சவரிமுத்து எங்கை எண்டு
இந்த ஒழுங்கையிலை ஆர் இப்ப கேக்கினம்?
நீ கேட்டனியே?"

கேட்கவில்லை.
அவள் படலையைக் கடக்கும்போதெல்லாம்
வெயிலைப் பற்றித்தான் கதைத்திருக்கிறேன்.

இருந்தாலும் அவர் கள்ளன்தான்.
அதில் எனக்கு மாற்றமில்லை.

அடுத்த நாள் ஐந்து இரண்டுக்குப் பெருக்கு.
எழுதிவிட்டு ஜெட்டிக்கு இறங்கினேன்.
பலநாள் படகொன்று மீன் இறக்கிக்கொண்டிருந்தது.
தெற்குப் பெடியள், உப்பில் தடித்த முகங்கள்.
தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்:
சவரிமுத்து. நீலப் படகு. எங்காவது கண்டீர்களா?
ஒருவன் பெட்டியை வைத்துவிட்டு
உண்மையாகவே யோசித்தான்.
மற்றவனைக் கூப்பிட்டுக் கேட்டான்.
இல்லை அக்கா, என்றான்.
காசு வாங்கவில்லை.

பின்னேரம் போய்ச் சொன்னேன், காணேல்லையாம் என்று.
"என்ன சொல்லிக் கேட்டனி?"
"சவரிமுத்து எண்டுதான்."
கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.
பிறகு, தேத்தண்ணிக்குச் சீனி போடவோ
என்று கேட்டாள்.