லபான் ரசீது

ஹமத் டவுனில் விலாசம் கேட்டால்
ரவுண்டபோட்டின் எண்ணைச் சொல்வார்கள்.
எங்கள் லாண்டரி பதினாலு.
அங்கிருந்து இருபது வரைக்கும்
தோப்பு சுமந்து மிதிப்பது என் வேலை.
தோப்பு என்றால் இங்கே மரங்கள் இல்லை,
ஆண்களின் வெள்ளை அங்கி.
இஸ்திரி போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினால்
எதிர்க்காற்றில் கை வீசிக்கொண்டு வரும்,
உள்ளே நாலு பேர் இருப்பதுபோல.

மிதிப்பது கஷ்டமில்லை.
இறங்கினால்தான் கேள்வி,
வண்டியை எங்கே விடுவது?

கார் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு உண்டு,
தலைக்கு மேல் நீலத் துணிப் பந்தல் உண்டு.
எனக்கு விளக்குக் கம்பம்.
அதிலும் பலதியாக்காரன் இன்று ஸ்டிக்கர் ஒட்டினால்
நாளை கட்டரோடு வருவான்.

முதல் சைக்கிள் சலூன் வாசலில் போனது.
பதின்மூன்று தினார், அதில் ஐந்து பாக்கி.
ஒரு பக்கக் கிருதாவோடு
கழுத்தில் துண்டு பறக்க
ரோட்டில் வந்து நின்றேன்.

இரண்டாவதற்கு நானே பொறுப்பு.
கஃபட்டேரியாவின் காஸ் கூண்டுக் கம்பியில்
முன்சக்கரத்தை மட்டும் பூட்டியிருந்தேன்.
திரும்பி வந்தபோது
பூட்டு இருந்தது.
சக்கரம் இருந்தது.
மூன்று ரவுண்டபோட் தூரம்
அதை உருட்டிக்கொண்டே அறைக்குப் போனேன்.
கட்டிலில் படுத்தபடி கஸாலி சொன்னான்,
"பூட்டின வரைக்கும் பத்திரமாத்தானேடா இருக்கு."

பிறகு பதினேழில் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தது.
வாசலோரம் தரையில் ஊன்றி
ஆறு இரும்பு வளைவுகள்,
கவிழ்த்து வைத்த லாடம் மாதிரி.
எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.
கிளீனிங் பையன்கள் மாப்புத் துணி காயப்போட்டார்கள்.
ஒரு சின்னப் பெண் வளைவுக்கு வளைவு புகுந்து
அம்மா கூப்பிடக் கூப்பிட விளையாடினாள்.
வெள்ளிக்கிழமை காலை
ஹெல்மெட்டும் இறுக்கக் கால்சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர்
தன் வண்டியின் இடுப்பை அதில் சேர்த்துப் பூட்டிவிட்டு
காபி குடிக்கப் போனார்.

ஓ.
இதற்குத்தானா.

அன்று மாலையே என் மூன்றாவது வண்டியோடு போனேன்.
செக்யூரிட்டி லோக்பகதூர் கையை நீட்டி மறித்தான்.
"கஸ்டமருக்கு மட்டும்."
உள்ளே போய் ஒரு லபான் வாங்கினேன். நூறு ஃபில்ஸ்.
ரசீதைக் காட்டினேன்.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து
வழி விட்டான்.

தினம் ஒரு லபான்.
ஜூலை முழுக்க வயிறு குளிர்ந்து கிடந்தது.
ஒரு கட்டத்துக்கு மேல் அவன் கேட்பதில்லை,
ஆனாலும் வாங்கினேன்,
பையில் ரசீது இருந்தால்
நிமிர்ந்து நிறுத்தலாம்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, பதினொன்றரை இருக்கும்.
பின்பக்கம் ஜெனரேட்டர் சுவரோரம் குந்தியிருந்தான்,
கையில் அறுந்த கொடிக்கயிற்றுக் கம்பி.
அதைப் போட்டுத்தான் கட்டிவைத்திருக்கிறான் தன் சைக்கிளை.
அவன் காவல் காக்கும் வளைவுகள் இந்தப் பக்கம்.
ஸ்டாஃப் வண்டிகளுக்கு அந்தப் பக்கம்.
பத்து வரைக்கும் நடக்க வேண்டும் அவன்.
பின்னால் உட்காரச் சொன்னேன்.
வழியில் இருவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் யாரிடமோ
துருப்பிடித்த ஃபீனிக்ஸ் ஒன்று வாங்கியிருந்தான்.
பூட்டு வாங்கக் காசில்லை.
"என்னுடையதோடு சேர்த்து நிறுத்து" என்றேன்.
"நான் கஸ்டமர் இல்லையே."
சட்டைப்பையிலிருந்து
அன்றைய ரசீதை எடுத்து நீட்டினேன்.

இரண்டு வண்டிக்கும் ஒரே சங்கிலி.
அவனுக்கும் எண் தெரிய வேண்டும் இல்லையா.
அறையில் யாருக்கும் சொல்லாத எண்.
சைபர், ஏழு, நாலு, சைபர்.

"பிறந்த தேதியா?"
இல்லை.
ஏஜெண்டுக்குக் கட்டிய தினார்.
அடைத்து இரண்டு வருஷமாகிறது,
வேறெந்த எண்ணும் மனதில் நிற்கவில்லை.

ஒவ்வொரு பல்லாக உருட்டிப் பார்த்தான்.
திறந்தது.
மூடினான். இன்னொரு முறை திறந்தான்.
"எனக்கென்றால்" என்றான்,
"முன்னால் அந்த சைபர் தேவைப்படாது."

மறுநாள் இரண்டு லபான் வாங்கினேன்,
தனித்தனி பில்லாக.