எழுத்து சுவரைப் பார்க்கட்டும்

காளங்கி ஆறு ஆஸ்பத்திரிக்குள் வந்த இரவு
கம்ப்யூட்டரும் அதன் பேக்கப்பும்
ஒரே மேசையில் இருந்தன.
போன ஆடியிலேயே ஆடிட்டர் எழுதிப் போனார்:
'வேறிடத்தில் வைக்கவும்.'
வைத்தோம்,
மேல் டிராயரிலிருந்து கீழ் டிராயருக்கு.

மிஞ்சியது,
பிரசவ அறை ரப்பர் விரிப்பில் சுற்றி
ஆயா மஸ்தானம்மா
இடுப்பளவுத் தண்ணீரில் தலையில் சுமந்துவந்த
காசநோய்ப் பதிவேடு மட்டும்.

சூலூர்ப்பேட்டைப் பள்ளி முகாம்.
ஏழாம் வகுப்பில் கொடி கட்டி
தையல் பிரித்து, தாள் தாளாகக் காயப்போட்டேன்.
கதவைச் சாத்தினால் காயாது.
திறந்தால் தெரியும்.
வெளியே சாம்பார் சோற்று வரிசை
கழுத்தை நீட்டியது.
தடா கம்பெனிக்குப் போகிறவன்,
தை மாதம் நிச்சயமானவள்,
இறால் குட்டைக் காவல்காரர்,
தமிழும் தெலுங்குமாய்
எல்லாரும் சொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மஸ்தானம்மாவுக்கு எழுத்து தெரியாது.
அவள்தான் சொன்னாள்:
"எழுத்து சுவரைப் பார்க்கட்டும் சார்.
முதுகு காற்று வாங்கினால் போதும்."

பிறகு வாசலில் ஸ்டூல் போட்டு
அகலமாக உட்கார்ந்துகொண்டாள்.
வந்தவர்களிடம்
ஆஸ்பத்திரிக் கரண்டு பில் என்றாள்.

ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
கடைசித் தாள், நாற்பத்தோராம் வரி,
மை கலைந்தும் கலையாமலும்
அவள் பெயர்.

நான் படிக்கவில்லை.