கோசோங்

பட்டியலில் எழுதி வரவழைத்த சுக்ரோஸ்
துவாஸ் கிடங்கில் மூன்று வாரமாய்க் கிடந்தது.
அதனால்
கீழ்த்தளக் கோப்பிக் கடையில்
சுகைமி வேண்டாமென்று ஒதுக்கும்
சீனிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்தேன்.
‘கோப்பி ஓ, கோசோங்’ என்பார் தினமும்,
இனிப்புநீருக்கு வணக்கம் வைப்பதுபோல்.
பன்னிரண்டு பொட்டலம்.
ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு.

சிலிக்கான் பெருந்தீனிக்காரன்.
கிராஃபைட் ஒரு கவளம் உண்ணும் இடத்தில்
பத்துக் கவளம் லித்தியம் விழுங்கும்.
மூன்று மடங்கு ஊதும்.
திருப்பிக் கொடுக்கும்போது சுருங்கி
ஏரிக்கரைச் சேறுபோல் வெடிக்கும்.
வெடித்த ஒவ்வொரு முகத்திலும் பொருக்குக் கட்டும்,
அந்தப் பொருக்குக்கே லித்தியம் கரையும்,
நூறு சுற்றுக்குள் செல் படுத்துவிடும்.

உவமை இங்கே நிற்கட்டும்.
சிலிக்கானுக்குப் பசி கிடையாது.
எனக்குத்தான்.
மணி இரண்டு, இன்னும் பசியாறவில்லை.

கரிச்சட்டை போட்டால் தாங்கும் என்பது
எல்லோருக்கும் தெரியும்:
மின்சாரம் ஓட ஒரு வழி,
பொருக்குக்கு ஓர் எல்லை.
எவ்வளவு தடிப்பு என்பதில் ஆறு மாதம் போயிற்று.
மெல்லியதாய்ப் போட்டேன்,
முதல் ஊதலிலேயே தையல் பிரிந்தது.
தடிப்பாய்ப் போட்டேன்,
லித்தியம் வாசலிலேயே நின்றுவிட்டது.

‘உள்ளே கொஞ்சம் கோசோங் விடலாமே’ என்றார் சுகைமி,
ஆர்கான் பெட்டியின் கையுறைக்குள்
முழங்கைவரை புதைந்தபடி.
அவர் மொழியில் அது சுழியம்,
சீனியில்லாத கோப்பி,
ஆளில்லாத வீடும்கூட.

அப்படியே செய்தோம்.
முதலில் மணலுக்கு உறவான ஒரு தோல்,
அதன்மேல் சீனிப்பாகு,
பிறகு ஆர்கானில் எழுநூறு பாகை.
உலை முந்நூறைத் தாண்டும்போது
நடைவழியெங்கும் பாகு கருகும் வாசம்.
பக்கத்து ஆய்வகத்து பூன் கியாட்
யாரோ பலகாரம் சுடுவதாக எட்டிப் பார்த்தார்.
அவர் முகம் வாடியதைப் பார்க்க
எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் அமிலம்
நடுத்தோலை மட்டும் தின்றது.
கரி, உள்ளே சிலிக்கான்,
இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததை
நுண்ணோக்கியில் அளந்தேன்:
முப்பது நானோமீட்டர்.

நாணய அளவில் பதினாறு செல்.
ஒன்பது, காரணம் சொல்லாமல் செத்தன.
ஆறு, இருநூறைத் தாண்டித் தளர்ந்தன.
பதின்மூன்றாம் எண் மட்டும்
உள்ளே ஊதி, உள்ளேயே சுருங்கி,
வெளிச்சட்டை கசங்காமல்
இன்று காலை நானூற்றுப் பன்னிரண்டாவது சுற்று.
எண்பத்தொரு விழுக்காடு.

துவாஸ் சுக்ரோஸ் போன மாதமே வந்துவிட்டது.
தூய்மைச் சான்றிதழோடு, உறையில் பனிக்கட்டிப் பையோடு,
சீனிக்கு எதற்குப் பனிக்கட்டியோ.
அதில் செய்த நான்கும் அறுபதில் படுத்தன.
சீனியா, உலையா, அன்றைய ஈரப்பதமா,
என் கையா?
பேராசிரியர் கேட்கிறார், எந்த நிறுவனம், எந்தத் தொகுதி?
படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன்,
மூலப்பொருள் கட்டம் மட்டும் கோசோங்.

ஒன் நார்த்தில் மழை பிடித்துக்கொண்டது.
சுகைமி வரிசையில் எனக்கு முன்னால்.
அவர் வாய் திறக்கும் முன்பே
கல்லாவில் இருந்த பெண்மணி
இரண்டு பொட்டலத்தை
என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.