சொல்லடைவு

பன்னிரண்டு அமெரிக்க மேதைகள், பன்னிரண்டு சிறுநூல்கள்.
ஓவியக்காரி ஆம்பூர் ஆங்கில ஆசிரியருக்குப் போய்விட்டாள்.
கவிஞரைச் சென்னையிலேயே யாரோ எடுத்துக்கொண்டார்கள்.
எனக்கு வந்தவர் ஆப்னர் டில்லிங்,
தோல் பதனிட ஒரு வழி கண்டுபிடித்தவர்.
“உங்க ஊருக்கு ஏத்த ஆளு மேடம்” என்றார் பதிப்பாளர்.
பக்கத்துக்கு எண்பது ரூபாய்.

மேல்விஷாரத்தில் இரவு பத்துக்கு மேல்தான் எனக்கு மேசை.
பிள்ளைகளின் ஹோம்வொர்க்கை ஒதுக்கிவிட்டு
அவரை விரிப்பேன்.
ஏழு வயதில் தாயை இழந்தார்.
இதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.
பதினாறில் தச்சு, இருபதில் கடன்,
முப்பத்தொன்றில் ஒரு மரப்பீப்பாய்க்குள் கையை விட்டு
நீலமாய் ஒரு தோலை வெளியே எடுத்தார்.
பட்டைச் சாற்றில் மாதக்கணக்காய் ஊற வேண்டியது
ஒரே நாளில் பதமாகியிருந்தது.
நூலாசிரியர் அந்த நீலத்தை
விடியற்கால ஏரி என்கிறார்.

பேனாவை வைத்துவிட்டேன்.
அந்த நீலம் எனக்குத் தெரியும்.
வெட்புளூ என்போம்.
மச்சான் முனவ்வரின் நகக்கண்ணில் இருக்கிறது,
நிக்காஹுக்கு முதல் நாள்
எலுமிச்சை வைத்துத் தேய்த்தும் போகவில்லை.
ராணிப்பேட்டை லாரிகளில் அடுக்கி
பைபாஸில் சொட்டிக்கொண்டே போகும்.
விடியற்கால ஏரி என்றே எழுதினேன்.
அவருடைய ஏரி அப்படி இருந்திருக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், ஆளை எனக்குப் பிடித்துப்போனது.
கூலியாட்கள் பெயரையெல்லாம்
குறிப்பேட்டில் எழுதி வைத்தவர்.
மனைவிக்குச் செருப்பு தைத்து, அளவு தப்பி,
தானே போட்டுக்கொண்டு நடந்தவர்.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில், காப்புரிமைத் தாள் வந்த அன்று,
வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் இறங்கி
இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறார்.
அந்த வரியை மூன்று முறை பெயர்த்தேன்.
குடித்தார்.
பருகினார்.
அள்ளிக் குடித்தார்.

எங்கள் கிணற்று வாளி
கயிற்றோடு கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது.
தண்ணீர் இல்லாமல் இல்லை.
இருக்கிறது, நாற்பத்திரண்டு அடியில், மஞ்சளாய்.
கேன் தண்ணீர்க்காரன் காலையில் மணி அடிப்பான்.

அடிக்குறிப்பு போடலாமா என்று போனில் கேட்டேன்.
“வாழ்க்கை வரலாறு மேடம்.
பொறந்தாரு, கண்டுபிடிச்சாரு, செத்தாரு.
நடுவுல நீங்க எதுக்கு?”
சரிதான்.
டில்லிங் எந்த வரியிலும் பாலாற்றைப் பார்த்ததில்லை.
வரைபடத்தில் ஆற்காட்டை விரல் வைத்துத் தேடியதாகவும் இல்லை.
எழுபத்தெட்டில் இறந்தார், பனி பெய்த ஒரு ஞாயிறு.
எழுதி முடித்தபோது கண் கலங்கியது.
யாருக்காக என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசி வேலை சொல்லடைவு.
ஆங்கில வரிசையைக் கலைத்து
அகர வரிசையில் அடுக்க வேண்டும், இதற்குத் தனிக் கூலி கிடையாது.
கடன், 19.
கப்பல், 88.
காப்புரிமை, 42.
குரோமியம், 33, 35, 61.
கா-வுக்கும் கு-வுக்கும் நடுவே
இடம் இருந்தது.
கிணறு என்று எழுதினேன்.

மெய்ப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில் பச்சை மையில் யாரோ:
“பக்க எண்?”

ஆழத்தை எழுதி அனுப்பினேன்.