ஒட்டு

முதல் துளி உருண்டு நின்றது,
சேம்பிலையில் நிற்பதுபோல்,
தொட்டும் தொடாமல்.
விளிம்பில் எண்பத்தாறு பாகை.
பழுப்புநிறப் பல்பகுதியம்,
என் சுண்டுவிரல் நகத்தளவு.
எலும்பளவு வளையும், எலும்பளவு தாங்கும்,
எலும்புக்கு மட்டும் அதை அடையாளம் தெரியாது.

ஐந்து துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்
கதவை இறுக்கினேன். பம்பி காற்றை உறிஞ்சியது.
சீனன்குடாவில் எழும்பிய விமானமொன்று
யன்னலை நடுக்கிப் போனது.
பிறகு ஒட்சிசன், ஒரு மூச்சளவு.
பிறகு ஊதா.
கத்தரிப்பூ ஊதா என்று குறிப்பேட்டில் எழுதி
வெட்டிவிட்டேன், அதற்கு அங்கே கட்டம் இல்லை.
இரண்டு நிமிடம்.

இரண்டாம் துளி
விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.
பதினெட்டுப் பாகை.

கொட்பேயில் படகடி சுரண்டும் ஹில்மிக்கு
இடது காதுக்கு மேலே இதே சாதித் தகடு.
இயந்திரப் படகின் விசிறி வெட்டிய இடம்.
கொழும்பில் வைத்தார்கள், நான்கு வருடம் முன்பு.
உடம்பு அதோடு சண்டை பிடிக்கவில்லை.
மெல்லிய சவ்வில் ஓர் உறை தைத்து
வந்த விருந்தாளியை அறையில் இருத்தி
வெளியே பூட்டிக்கொண்டது.
நீர் கட்டும். குனிந்தால் ஆடும்.

சூரை வாங்கப் போன காலையில்
உளியால் கொட்டலசைப் பெயர்த்தபடி கேட்டார்:
"ஒட்டாத ஒட்டாதண்டு நஞ்சுப் பெயின்ற் அடிக்கிறம்,
இந்தச் சனியன் ஒட்டுது.
ஒட்டு ஒட்டுண்டு தலைக்குள்ள வச்சா
அது ஒட்டுதில்ல.
படிச்ச புள்ள நீ, என்ன கணக்கு இது?"

நான் மீனின் விலையைக் கேட்டேன்.

ஊதா திறந்துவிட்ட மேற்பரப்பு
நெடுநாள் திறந்திருக்காது.
நீரை விரும்பும் முனைகள் ஒவ்வொன்றாய்
உள்ளே திரும்பிப் படுத்துவிடும்.
சில வாரத்தில் துளி மீண்டும் உருளும்.
மறப்பதற்குள் பூச வேண்டும்,
கொலாஜன், அதன்மேல் எலும்பின் உப்பு,
உடம்பு வாசிக்கத் தெரிந்த எழுத்தில்
ஒரு முகவரி.

மூன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
குப்பிகளை ஆட்டும் தட்டு நின்றது.
வெண்மை அடியில் இறங்கத் தொடங்கியது.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை என்று
காவலாளி தவயோகன் சாவியைக் குலுக்கிக் காட்டினார்.
குப்பியை உள்ளங்கையில் ஏந்தி
வாசற்படியில் இருந்தேன்.
இடம், வலம். நிமிடத்துக்கு முப்பது.

கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான்கள் வந்தன.
ஒன்று, சாப்பாட்டுப் பொதியின் பொலித்தீனைக்
கண் மூடி மென்றது.
போன மாதம் செத்த ஒன்றின் வயிற்றில்
இரண்டு கிலோ என்று மிருக வைத்தியர் சொன்னார்.
அதுவும் என் கையிலிருப்பதும்
ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.
சூ என்றேன். அசையவில்லை.
எழும்பி விரட்டினால் எண்ணிக்கை தவறும்.
இடம், வலம்.
அது விழுங்கி முடிக்கும்வரை
நான் நாற்பத்தொன்று எண்ணினேன்.

ஆறு பத்துக்கு வெளிச்சம் வந்தபோது
மணிக்கட்டு என்னுடையதாக இல்லை.

நான்காம் நாள், நுணுக்குக்காட்டியில்,
ஒரு துண்டில் பூச்சு உரிந்து சுருண்டிருந்தது.
இரண்டில் கலங்கள் உருண்டையாகவே நின்றன,
முதல் துளியின் பிடிவாதத்தோடு.
இன்னொன்றை இடுக்கியிலிருந்து தவறவிட்டேன்,
மேசைக்கடியில் எங்கோ கிடக்கிறது.
ஐந்தாவதில், ஓரத்தில்,
ஒரே ஒரு கலம்
தட்டையாகி, மூன்று பக்கமும் கால் நீட்டி,
வாடகை வீடென்பதை மறந்து
தூங்குகிறவரைப்போல.

படத்தைத் தொலைபேசியில் கொண்டுபோனேன்.
ஹில்மி ஈரக் கையைச் சாரத்தில் துடைத்து
வாங்கி, பெருப்பித்துப் பார்த்தார்.
"எனக்கா?"
"இல்ல. இது இன்னும் ஒருத்தருக்கும் இல்ல."
"பின்ன?"
"ஒரு கலம் ஒட்டியிருக்கு."

தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு
உளியை எடுத்தார்.
அடித்தட்டில் ஏதோ ஒரு புள்ளியைத்
தேடிப் பிடித்து, பெயர்க்காமல்,
விரலால் தடவினார்.
"கொட்டலசும் முதல்ல
ஒண்டுதான் வரும்."