தணிக்கைக் குறிப்பு எண் ஏழுக்கு விளக்கம்

ஐயா,
படகின் அடியில் மூன்று ஓட்டைகள் என்று
நான் எழுதியது உண்மை.
யார் போட்டது, எப்போது தெரியவந்தது,
இழப்புக்கு யார் பொறுப்பு
என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டியவர்களே போட்டது.
இஞ்சினுக்குத் தாகம் எடுக்கும், ஒன்று அதற்கு.
ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது,
ஒன்று அந்தக் கருவிக்கு.
மூன்றாவது எதற்கென்று எனக்கும் தெரியாது.
கழிவறை வைக்க நினைத்திருக்கலாம்,
பணம் தீர்ந்திருக்கலாம்.
பித்தளை வால்வு ஒன்றை மாட்டி மூடியிருந்தார்கள்.
பத்து வருடம் யாரும் அதைத் திறக்கவில்லை,
ஆகவே யாரும் அதை மூடவும் இல்லை.

பழையபேட்டையில் முந்நூற்று நாற்பதுக்குக் கிடைப்பதை
நான்காயிரத்து எண்ணூறுக்கு ஏன் வாங்கினாய்?
முந்நூற்று நாற்பது, போர்வெல் குழாய்க்கானது.
அல்தாப் கடையில் நானே வாங்கியிருக்கிறேன்,
குறை சொல்ல மாட்டேன்.
அது உடைந்தால் ராகி வயல் நனையும்.

எங்கள் அணைக்கு வரும் தண்ணீர்
வழியில் எதையெதையோ கரைத்துக்கொண்டு
சில நாட்கள் நுரையோடு வருகிறது.
பித்தளைக்குள்ளிருந்து துத்தநாகத்தை மட்டும்
பொறுக்கித் தின்கிறது.
உருவம் அப்படியே இருக்கும். மரை அப்படியே இருக்கும்.
கத்தியால் சுரண்டினால்
மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில்
இளஞ்சிவப்பு,
பல் முளைக்காத ஈறு மாதிரி.

ஐப்பசி மாதம், வண்டல் அளக்கப் போயிருந்தோம்.
படகோட்டி திம்மராயன் நங்கூரத்தை ஏற்றி உள்ளே வைத்தார்.
வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், எறியவில்லை.
அதன் முனை மூன்றாவது வால்வில் பட்டது.
சத்தம்கூட இல்லை.
பிஸ்கட் போல விட்டுப்போய்
என் காலடியில் கிடந்தது.

ஒன்றரை அங்குல ஓட்டை,
நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே.
ஆறேழு எண்ணுவதற்குள் ஒரு குடம்.
எண்ணியது உதவிப் பொறியாளர் செண்பகவல்லி,
உள்ளங்கையை ஓட்டைமேல் அழுத்திக்கொண்டு,
கணுக்கால் வரை தண்ணீரில் உட்கார்ந்து,
சத்தமாக.
பயத்துக்கா, பதிவேட்டுக்கா என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

இனி, "மரச்சாமான்" தலைப்பில்
தொண்ணூறு ரூபாய்ச் செலவு.
அவை கூம்புக் கட்டைகள், மூன்று.
மாம்பழப் பெட்டிப் பலகையை ஒட்டிக் கடைந்தது.
ஒவ்வோர் ஓட்டைக்குப் பக்கத்திலும்
கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.
அவர் கையை எடுக்க, நான் கட்டையை வைக்க,
திம்மராயன் சுத்தியால் இரண்டு தட்டு.
மற்றதை மரமே பார்த்துக்கொண்டது, ஊறி, பருத்து.

இப்போது மூன்றும் வெண்கலம்.
ஓட்டின் கழுத்து, வால்வு, குழாய்முனை எல்லாம் ஒரே உலோகம்.
வேறுவேறு உலோகங்கள் தண்ணீரில் சேர்ந்தால்
ஒன்றை ஒன்று அரிக்கும்,
இது அலுவலகத்துக்குத் தெரியாததல்ல.
ஒரு குழாய்க்கு இரண்டு கிளிப் ஏன் என்பதற்கு:
வேட்டிமேல் பெல்ட் கட்டுபவர்கள்
தங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள்.

முதல் தேதி காலை
மூன்று கைப்பிடிகளையும் திருப்புகிறேன்.
குழாயோடு நேராக நின்றால் திறப்பு,
குறுக்கே நின்றால் மூடல்.
எதற்கும் பயன்படாத அந்த மூன்றாவதுக்கும் கிரீஸ் உண்டு,
அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

இருப்பில் இரண்டு கட்டைகள்தான் உள்ளன,
மூன்றாவது எங்கே என்கிறீர்கள்.
பிளந்துபோய்விட்டது.
பொறியாளர் அம்மாவின் மேசையில்
உங்கள் குறிப்பு எண் ஏழு
மின்விசிறிக் காற்றில் பறக்காமல்
அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.
தேவையானால் அனுப்பிவைக்கிறோம்,
ரசீது தரவும்.

மு. சென்னப்பன்,
மெக்கானிக், தற்காலிகம்,
பதினாறாம் ஆண்டு,
கிருஷ்ணகிரி அணை.