கடல் மட்டத்திலிருந்து

பூம்பாறையில் கடல் இருந்தது
பேருந்து நிறுத்தத்துப் பலகையில் மட்டும்:
கடல் மட்டத்திலிருந்து
ஆறாயிரத்து முன்னூறு அடி.
துரு தின்றதில் அடியும் போய், மட்டமும் போய்
கடல் மட்டும் மிச்சம்.

ஜூலையில் இன்னொரு கடல் வந்தது.
பூண்டு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய வேனில்,
அங்கன்வாடிக்கு வரும் முட்டை அட்டைகளுக்குக் கீழே,
பதினாறு பக்கம். கெட்டி அட்டை.
ஒரு மூலை எலி கடித்தது.

பதினோரு பிள்ளைகள். ஈர ஸ்வெட்டர் வாடை.
மேகம் இறங்கி ஜன்னலை அழித்துக்கொண்டிருந்தது.
இது பவளம், என்றேன்.
செடியா டீச்சர்?
இல்லை.
கல்லா?
அடுத்த வரியை முதலில் நான் படித்துக்கொண்டேன்.
அதுவும் இல்லை. உயிர். குட்டியாய் வாய் உண்டு.
தானே கல் செய்து வீடு கட்டும்,
சுவரோடு சுவர் ஒட்டி,
ஒன்றின் தலைமேல் ஒன்று.
எங்க தெரு மாதிரி, என்றாள் லிதிஷ்கா.

கிளிமீன் அந்தக் கல்லைக் கடித்துத் தின்று
மணலாய்க் கழிக்கும் என்று வாசித்ததும்
ஐந்து நிமிடம் வகுப்பு நடக்கவில்லை.
அப்ப பீச் பூரா மீன் கக்காவா?
ஒருமுறை மாமல்லபுரம் போயிருக்கிறேன்,
மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன்.
பக்கத்தைத் திருப்பினேன்.

கடைசிக்கு முந்தின பக்கம் வெள்ளை.
கிளை இருக்கிறது, விசிறி இருக்கிறது,
மூளை போல ஓர் உருண்டை இருக்கிறது,
நிறம் இல்லை.
தண்ணீர் சூடானால் பவளம் வெளுக்கும்
என்று ஒரே வரி.
காலைக் குழாயில் விரல் மரத்துப்போகிற பிள்ளைகள்,
தண்ணீர் சூடாவது இவர்களுக்கு நல்ல சேதி.
கலர் தீந்துபோச்சு டீச்சர், என்றான் குழந்தைவேல்.
அதுவே தீர்ப்பாயிற்று.

சத்துமாவு உருட்டத் திரும்பினேன்,
பத்து நிமிடம்.
பதினோரு கை, ஆறு கிரேயான்.
கிளைக்குப் பூண்டுத் தோலின் ஊதா,
விசிறிக்குக் கேரட்,
பச்சை கிடைக்காத எவனோ
உருண்டைமேல் அவரை இலையைத் தேய்த்திருக்கிறான்,
நரம்போடு.

சாயங்காலம் பேரிக்காய் மரத்தடியில்
லிதிஷ்கா என் கையை இழுத்து நிறுத்தினாள்.
பட்டையில் சாம்பல் பச்சையாய்க் கிளைத்து
விளிம்பு சுருண்டு ஒட்டியிருந்தது.
தினமும் பார்ப்பது. குழம்புக்குத் தாளிப்பது.
செடியா?
இல்லை என்று வாய் வந்தது, எதை நம்பியோ.
கல்லா?
கல்பாசி, என்றேன்.
பேரில் கல் இருக்கிறது, பாசி இருக்கிறது,
அது இரண்டுமாய் இல்லாமல்
மரத்தில் இருக்கிறது.
அதற்கு வாய் உண்டா என்று பார்க்க
அவள் முகத்தை ஒட்டிக்கொண்டு போனாள்.
மேகம் கழுத்துவரை வந்துவிட்டிருந்தது.
வாயைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

புத்தகம் வெள்ளிக்கிழமை கொடைக்கானல் திரும்ப வேண்டும்.
பதிவேட்டில் தேதி, பெயர், கையொப்பம்,
'சேதம்' என்றொரு கட்டம்.
ஊதாவை யோசித்தேன். அவரை நரம்பை யோசித்தேன்.
ஒரு மூலை, என்று எழுதினேன். எலி.